தட்டில் என்ன இருக்கிறது என்று எழுதித் தாருங்கள்

விமானப் பயணிகளின் உணவுக் கோரிக்கைச் சாசனம்

விமான நிறுவனங்களுக்கும், அவற்றுக்குச் சமைத்துத் தரும் சமையற்கூடங்களுக்கும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்துக்கும்:

சென்னை, திருச்சி, மதுரை, கோவை நிலையங்களிலிருந்து பறக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி சாப்பிடுகிறவர்கள் இல்லை. வேர்க்கடலை பட்டால் உதடு வீங்கிவிடும் குழந்தைகளின் பெற்றோர் எங்களில் உண்டு. கோதுமை சேராத செலியாக் நோயாளிகள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் உண்டு. ஹலால் மட்டும் உண்பவர்கள், வெங்காயம் பூண்டு தொடாதவர்கள், முட்டை வாடையே ஆகாத பாட்டிமார்கள் உண்டு. தேவைகள் வேறு வேறு. குறை ஒன்றுதான்: முன்னால் வைக்கப்படும் சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

எகானமி வகுப்பில் வரும் தட்டைப் பாருங்கள். வெண்ணெய்க் கட்டியின் மூடியில் அதன் சேர்மானம் அச்சாகியிருக்கிறது. பன் சுற்றிய உறையிலும் ஊறுகாய்ப் பொட்டலத்திலும் உண்டு. கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும், ஆனாலும் உண்டு. அலுமினியத் தாள் மூடிய சூடான பெட்டியில், அதாவது சாப்பாட்டில், மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டிக்கர், அதில் இருக்கை எண்ணும் நான்கெழுத்துக் குறியீடும். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தக் கிரேவியில் முந்திரி அரைத்து விட்டிருக்கிறார்களா?" என்று கேட்டால், அவர் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பனீர் மாதிரி இருக்கு மேடம்" என்கிறார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

தெரிந்தவர்கள் கீழே இருக்கிறார்கள். விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. தரையில் உள்ள சமையற்கூடத்தில் பல மணி நேரம் முன்பே சமைத்து, உடனே 5 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, பெட்டிகளில் பிரித்து அடைத்து, தள்ளுவண்டிகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். மேலே சூடு மட்டும் பண்ணுகிறார்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் எந்தப் பொருள் எத்தனை கிராம் என்று எழுதிய செய்முறை அட்டை அந்தக் கூடத்தில் உண்டு. பெட்டிக்கு இவ்வளவு என்று விமான நிறுவனத்திடம் பணம் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லாமல் தீராது. ஆகவே நாங்கள் கேட்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தகவல் இல்லை. அட்டையில் இருப்பது பயணியின் கைக்கு வர வேண்டும்.

1. ஒவ்வொரு சூடான பெட்டியிலும், சிறப்பு உணவானாலும் சாதாரண உணவானாலும், சேர்மானங்களும் ஒவ்வாமைப் பொருள்களும் அச்சிடப்பட வேண்டும். பெட்டியில் இடமில்லை என்றால் தட்டில் ஒரு சீட்டு வைக்கலாம். அதே விவரம் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பு நிறுவனத்தின் செயலியிலும் இருக்க வேண்டும்.

நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒரு தகவல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 எண் கொண்ட உணவுத் தகவல் விதி 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் விமானம், ரயில், கப்பல்களில் பரிமாறும் உணவுக்கும் அது பொருந்தும் என்று அந்த விதியின் முதல் பிரிவே சொல்கிறது. 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தைப் பயணிக்குத் தந்தாக வேண்டும். ஆக, ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏறிச் சென்னைக்கு வருகிற பயணிக்கு அது சட்டப்படியான உரிமை. அதே பயணி சென்னையில் ஏறி ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பும்போது அந்த உரிமை இல்லை. நிறுவனம் அதுவாக இருக்கலாம், விமானமும் அதுவாகவே இருக்கலாம். போகும்போது ஒரு வயிறு, வரும்போது ஒரு வயிறா எங்களுக்கு?

நம் நாட்டிலும் பாதி வழி வந்தாயிற்று. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை வைத்திருப்பவர்களும் கலோரி அளவையும் ஒவ்வாமை விவரத்தையும் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஓட்டலில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுந்து வெளியே போய்விடலாம். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில் இருக்கும். 35,000 அடி உயரத்தில் அந்த வசதி இல்லை. இந்த விதி விமானத்தில் பரிமாறும் உணவுக்கும் பொருந்தும் என்று ஆணையமும் தலைமை இயக்குநரகமும் சேர்ந்து சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆணையிட வேண்டும்.

2. எள்ளையும் கடுகையும் இந்தியாவின் ஒவ்வாமைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இப்போதைய பட்டியலில் குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகைகள், பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, சல்பைட் ஆகியவை உள்ளன. ஐரோப்பாவின் பட்டியலிலும் கனடாவின் பட்டியலிலும் எள், கடுகு இரண்டும் உண்டு. அமெரிக்கா 2021-இல் சட்டம் போட்டு, 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது பொருளாகச் சேர்த்துக்கொண்டது. நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் கடுகு தாளிப்பும் இல்லாமல் ஒரு வேளை நகராத ஊரில் எள்ளும் கடுகும் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் தங்கியிருக்கும். ஒவ்வாமைக்குக் காரணம் அந்தப் புரதம்தான்.

எள் என்றால் சாதாரணமாக நினைக்கிறவர்களுக்கு: 2016 ஜூலையில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய ஒரு பகெட் ரொட்டியைச் சாப்பிட்ட 15 வயது நடாஷா எட்னான் லாபெரூஸ், நீஸ் நகருக்குப் போகும் விமானத்திலேயே மயங்கினார். எள் மாவோடு சேர்த்துச் சுடப்பட்டிருந்தது; மேலே தூவியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். உறையில் எள் என்று எழுதியிருக்கவில்லை. கடையிலேயே செய்து பொட்டலம் கட்டும் உணவுக்கு அப்படி எழுத வேண்டியதில்லை என்பதே அன்றைய பிரிட்டன் விதி. தந்தை இரண்டு அட்ரினலின் ஊசிகள் போட்டும் மகளைக் காப்பாற்ற முடியவில்லை. பெற்றோர் போராடினார்கள். அந்த ஓட்டையை அடைத்த விதி, அவருடைய பெயராலேயே அழைக்கப்பட்டு, 2021 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கேயும் ஒரு பெயர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

3. நோய்க்கான உணவையும் விருப்பத்துக்கான உணவையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பாதீர்கள்.

இன்று டிக்கெட் எடுக்கும்போது விரியும் பட்டியல் நான்கெழுத்துக் குறியீடுகளின் காடு. ஏவிஎம்எல் என்றால் நம் பக்கத்து மசாலா போட்ட சைவம். பால் இருக்கும், முட்டை இருக்காது. விஎல்எம்எல் என்றாலும் சைவம்தான், ஆனால் அதில் முட்டை வரலாம். அமெரிக்காவில் இருக்கும் மகன் "வெஜிடேரியன்" என்று பார்த்து அதை அமுக்கிவிடுகிறார். ஊரிலிருந்து தனியாகப் போகும் அம்மாவுக்குக் காலையில் ஆம்லெட் வருகிறது. ஹெச்என்எம்எல் இன்னும் மோசம். பெயர் இந்து உணவு. உள்ளே கோழியோ ஆட்டுக்கறியோ மீனோ இருக்கும். மாட்டிறைச்சி இருக்காது என்பதே அதன் பொருள்; சைவம் என்பது அல்ல. "இந்து" என்று பார்த்துச் சைவமென்று நம்பி எடுத்தவர்கள் பழத்தையும் தயிரையும் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்கிறார்கள். குறியீட்டுக்குப் பக்கத்தில் "முட்டை இருக்கலாம்", "இறைச்சி உண்டு" என்று ஒரு வரி போட என்ன தடை?

இதெல்லாம் பட்டினியோடு முடிகிற விஷயம். நோயாளிக்கு அப்படி முடியாது. பட்டியலில் பால் சம்பந்தமாக இருப்பது லாக்டோஸ் குறைந்த உணவு. அது பால்சர்க்கரை செரிக்காதவர்களுக்கு. பால் புரதமே ஆகாத குழந்தைக்கு அதைக் கொடுத்தால் ஆபத்து. வேர்க்கடலைக்குச் சில நிறுவனங்கள் மட்டும் குறியீடு வைத்திருக்கின்றன. முட்டை, எள், மீன் ஒவ்வாமைக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட குறியீடே இல்லை. குளூட்டன் இல்லாத உணவு என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். நம்மூர்ச் சமையற்கூடத்தில் சாதமும் சாம்பாரும் கொடுத்துவிட்டு, "இதில் கோதுமையே இல்லையே" என்பார்கள். சாம்பாரில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

ஆகவே, மருத்துவக் காரணத்துக்கான உணவுக்குத் தனிப் பிரிவு வேண்டும். எந்தப் பொருள் ஆகாது என்று பயணி தன் வார்த்தையில் எழுத இடம் வேண்டும். அதைச் சமையற்கூடத்தில் பொறுப்பான ஒருவர் படித்து, "முடியும்" அல்லது "முடியாது" என்று பதில் சொல்ல வேண்டும். முடியாது என்ற பதிலும் எங்களுக்கு உதவும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவோம். "முயற்சி செய்கிறோம், உத்தரவாதம் தர இயலாது" என்ற வழக்கமான வாசகத்தை வைத்துக்கொண்டு எதைச் சாப்பிடுவது, எதை விடுவது?

4. சொல்லியாயிற்று என்பதும் உறுதியாயிற்று என்பதும் ஒன்றில்லை. டிராவல்ஸில் "போட்டாச்சு சார்" என்கிறார்கள். முன்பதிவுக் கணினியில் அது வெறும் கோரிக்கையாக நிற்கிறதா, நிறுவனம் ஏற்றுக்கொண்டு உறுதி செய்திருக்கிறதா என்பது பயணிக்குத் தெரிவதில்லை. இந்த நிலை டிக்கெட்டில் அச்சாக வேண்டும், வழித்தடம் வாரியாக. சென்னை–தோஹா உறுதி, தோஹா–லண்டன் நிலுவை என்றால் அப்படியே போடுங்கள். டிக்கெட் ஒரு நிறுவனத்துடையது, ஓடுவது கூட்டாளி நிறுவனத்தின் விமானம் என்கிற பயணங்களில்தான் கோரிக்கை அதிகம் தொலைகிறது. டிக்கெட் விற்றவரே கடைசிவரை பொறுப்பேற்க வேண்டும். கடைசி நேரத்தில் விமானம் மாறி இருக்கை எண்கள் கலைந்தால், ஸ்டிக்கரில் எண் மட்டும் இருக்கும் பெட்டி வேறு யாருக்கோ போய்விடுகிறது. பெட்டியில் பெயரும் இருக்கட்டும். கொடுக்குமுன் பெயரைக் கேட்டுக் கொடுக்கட்டும்.

5. மருத்துவக் காரணத்துக்கான உணவுக்குக் கூடுதல் கட்டணம் கூடாது. உறுதி செய்த உணவு வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதோடு, என்ன நடந்தது என்பதையும் எழுத்தில் தர வேண்டும்.

6. கடலைக்கு ஒட்டுமொத்தத் தடை கேட்கவில்லை. இதில் எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. குழந்தைக்குக் கடலை ஒவ்வாமை உள்ள பெற்றோர் சிலர் தடைதான் வேண்டும் என்றார்கள். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்காகச் செய்யப்பட்டு 2024-இல் வெளியான மருத்துவ மதிப்பாய்வு, கடலை ஒவ்வாமைப் பொருள் விமானத்தின் காற்றோட்டம் வழியாகப் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆபத்து இருக்கையிலும், மடக்கு மேசையிலும், கைப்பிடியிலும் ஒட்டியிருக்கும் துகளில் இருக்கிறது. முந்தைய பயணத்தில் அங்கே உட்கார்ந்தவர் மசாலா முந்திரி டப்பாவைத் திறந்து தின்றுவிட்டு விரலை எங்கே துடைத்தார் என்று யாருக்குத் தெரியும்? எனவே கேட்பது இரண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள் முன்னதாக ஏறி, தங்கள் இடத்தைத் தாங்களே துடைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். இதை மறுப்பது மாற்றுத்திறனாளிகளுக்கான விமானச் சட்டத்தை மீறுவதாகும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2019-இலேயே ஒரு புகாரில் முடிவு சொல்லிவிட்டது. இரண்டாவது, பயணி முன்கூட்டியே சொன்னால் அவருடைய வரிசையிலும் முன்பின் வரிசைகளிலும் கடலை, முந்திரி பரிமாறாமலும் விற்காமலும் இருக்க வேண்டும்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் விமானப் பயணத்துக்குத் தலைமை இயக்குநரகம் வகுத்துள்ள விதிகளில், உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

7. சர்க்கரை நோயாளிக்கு மாவுச்சத்துக் கணக்கும் நேரமும் வேண்டும். டிபிஎம்எல் என்று ஸ்டிக்கர் ஒட்டி, இனிப்புக்குப் பதில் இரண்டு துண்டு பப்பாளி வைத்துவிட்டால் அது நீரிழிவு உணவு ஆகிவிடாது. இன்சுலின் அளவைத் தீர்மானிப்பது தட்டில் உள்ள மாவுச்சத்து. அது எத்தனை கிராம் என்று எழுதுங்கள். நேரம் அதைவிட முக்கியம். வண்டி முன்வரிசைக்கு வந்துவிட்டதைப் பார்த்து ஒருவர் ஊசி போட்டுக்கொள்கிறார், விமானம் குலுங்குகிறது, எல்லோரும் உட்காருங்கள் என்று அறிவிப்பு வருகிறது, பரிமாறுவது நிற்கிறது. ஊசி உள்ளே போயாயிற்று, சாப்பாடு வரவில்லை, சர்க்கரை இறங்குகிறது. கையில் ஒரு பழச்சாறு இருந்தால் சமாளித்துவிடலாம். ஆகையால் இன்சுலின் போடுகிறவர்களுக்குப் புறப்பட்ட உடனேயே பழச்சாறோ பிஸ்கட்டோ கொடுத்து வைத்துவிட வேண்டும்; தட்டைக் கையில் வாங்கிய பிறகே ஊசி போட்டுக்கொள்ளும்படி பணிக்குழுவினரும் நினைவூட்ட வேண்டும்.

8. சொந்த உணவுக்கு வழி விடுங்கள். சில மலிவுக் கட்டண நிறுவனங்கள் வெளி உணவை விமானத்தில் உண்ணக்கூடாது என்றே நிபந்தனை வைத்திருக்கின்றன. உனக்கேற்ற உணவையும் தரமாட்டோம், நீ கொண்டுவந்ததையும் தின்னாதே என்றால், நாலு மணி நேரம் சிங்கப்பூர்வரை ஒரு குழந்தை என்ன செய்யும்? மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு இந்த நிபந்தனை செல்லாது என்று தலைமை இயக்குநரகம் அறிவிக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையிலும் ஒரு தெளிவு தேவை. வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற கணக்கில் ரசம், தயிர், கஞ்சி எல்லாம் மாட்டிக்கொள்கின்றன. ஐரோப்பிய விதியில் குழந்தை உணவோடு சிறப்பு உணவுத் தேவைக்கான திரவங்களுக்கும் விலக்கு உண்டு. அதே விலக்கை இங்கேயும் எழுத்தில் கொடுத்து, சோதனை மேடையில் தமிழில் ஒட்டி வையுங்கள். வாசலில் நிற்கும் காவலரின் மனநிலையை நம்பித் தயிர்சாதம் கட்ட முடியாது.

9. தாமதமானால் காத்திருக்கும் நேரத்துக்கேற்ப உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தருவது சமோசா. அல்லது ஒரே கடையில் மட்டும் செல்லும் கூப்பன். செலியாக் நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான். சிறப்பு உணவு பதிந்தவருக்குத் தாமத உணவும் அதே வகையில் தர வேண்டும். முடியாவிட்டால் நிலையத்தில் எந்தக் கடையிலும் செலவழிக்கும்படி பணமாகத் தர வேண்டும்.

10. மருந்துப்பெட்டியில் அட்ரினலின் இருக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. ஆனால் அது குப்பியில் இருக்கிறது. ஊசியில் ஏற்றி, அளவு பார்த்துப் போட ஒரு டாக்டர் வேண்டும்; "விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்ற அறிவிப்புக்குக் கை தூக்க ஆள் இருந்தால் உண்டு. அளவு நிரப்பப்பட்டு, தொடையில் அழுத்தினாலே செலுத்திவிடும் ஊசிகளை, பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனி அளவில், ஒவ்வொரு விமானத்திலும் வைக்க வேண்டும். பணிக்குழுவினருக்கு அதைப் பயன்படுத்தப் பயிற்சியும், பயன்படுத்தினால் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். இந்த வகை ஊசி இந்தியாவில் எளிதாகக் கிடைப்பதில்லை. பல குடும்பங்கள் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் மூலம் வாங்கிவரச் செய்கின்றன. இதைக் கிடைக்கச் செய்வது சுகாதார அமைச்சகத்தின் வேலை. அவர்களுக்கும் இந்தச் சாசனத்தின் பிரதி போகிறது.

11. தமிழ்நாட்டு நிலையங்களிலிருந்து புறப்படும் விமானங்களில் உணவு விவரச் சீட்டு தமிழிலும் இருக்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாகப் போகும் பாட்டி, "இதுல முட்டை போட்டிருக்காப்பா?" என்று கேட்கிறார். புரியாத பணியாளர், "வெஜ் ஆன்ட்டி, வெஜ்" என்று சிரித்துவிட்டுப் போகிறார். அந்த அம்மாள் பதினெட்டு மணி நேரம் தண்ணீரிலேயே ஓட்டுகிறார். மகனிடம் சொல்வதும் இல்லை.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியவையும் உண்டு. ஒவ்வாமையைக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு சொல்வோம். ஏறியதும் பணிக்குழுவினரிடம் மறுபடி சொல்வோம். மருந்தையும் டாக்டர் கடிதத்தையும் மேலே வைக்கும் பெட்டியில் வைக்காமல் கைக்கெட்டும் பையில் வைப்போம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: சிறப்பு உணவு முதலில் வரும் என்பதற்காகவே சமண உணவும் பழத்தட்டும் பதிகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் பிரியாணி வாசம் வந்ததும், "எனக்கும் அதுவே கொடுங்க" என்று மாற்றிக் கேட்கிறார்கள். இதைப் பார்த்துப் பழகிய பணியாளர், உண்மையான நோயாளி கேட்கும்போதும் அதே கண்ணோடு பார்க்கிறார். மருத்துவப் பிரிவில் பதிய டாக்டர் கடிதம் கேட்டால் நாங்கள் எதிர்க்க மாட்டோம். ஒருமுறை கொடுத்த கடிதம் அந்த நிறுவனத்தின் எல்லாப் பயணங்களுக்கும் செல்ல வேண்டும், அவ்வளவே. சமயத்துக்காகவோ பழக்கத்துக்காகவோ கேட்கிறவர்களிடம் எந்தச் சான்றும் கேட்கக்கூடாது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே "ஏற்கிறோம், இந்தத் தேதிக்குள்" என்றோ, "இயலாது, காரணம் இது" என்றோ எழுத்தில் பதில் வேண்டும். விமான அட்டவணை மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் மாறுகிறது. முதல் கோரிக்கையை அடுத்த மாற்றத்தின்போதே தொடங்கிவிடலாம்: இருக்கை எண்ணை அச்சிடும் அதே ஸ்டிக்கரில் கீழே இரண்டு வரி. மருந்து ஊசிக்கும் விதித் திருத்தத்துக்கும் காலம் பிடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அவற்றுக்கு ஓராண்டு தருகிறோம்.